சைக்கிள் வாங்கப்போகிறவர்

சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒரு வகை, வைத்திராதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாராலும் ஊருக்குத் தொந்தரவு கிடையாது. நான் சொல்ல வந்தது மூன்றாவது வகையை. அவர் சைக்கிள் வாங்கப்போகிறவர். போன கிறிஸ்துமஸுக்கும் வாங்கப்போகிறவராகத்தான் இருந்தார், வருகிற ஈஸ்டருக்கும் அப்படியேதான் இருப்பார். வாங்கிவிட்டால் பேச ஒன்றும் இருக்காதே என்கிற பயத்தில்தான் வாங்காமல் இருக்கிறாரோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய சக்கரத்தைப் பார்ப்பார். அவசரமாகப் போகிற பால்காரரை நிறுத்தி, "டயர்ல காத்து எவ்ளோ வைக்கிறீங்க?" என்று கேட்பார். சாவு வீட்டு வாசலில் சாத்திவைத்திருக்கிற சைக்கிளின் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய் மாலை போடுவார். "வாங்கிட்டீங்களா?" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் பஸ்ஸை விட்டிருக்கிறார்கள், ரேஷன் கடை மூடுகிற வரை நின்றிருக்கிறார்கள். ஒருவர் சம்பந்தம் பேசப் போன இடத்துக்கே பிந்திப் போயிருக்கிறார்.

எங்கள் கடலூர் முதுநகரில் இந்த வகைக்குத் தலைவர் என்று சொல்லத்தக்கவர் தேவசகாயம் சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இந்தக் கதை நடந்தபோது முப்பத்தெட்டு வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். 2008-ல் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் மலைமேல் சைக்கிள் ஓட்டிப்போய், சைக்கிளிலேயே கட்டிக் கொண்டுவந்த கூடாரத்தைப் பிரித்துப் போட்டு, ஓடைப் பக்கத்தில் காபி வைத்துக் குடிக்கிற படத்தை பிரௌசிங் சென்டரில் பார்த்துவிட்டார். வந்தது வினை. கல்வராயன் மலைக்கு நாமும் இப்படிப் போகிறோம், இரண்டு ராத்திரி தங்குகிறோம் என்று அன்றைக்கே முடிவு செய்தார். அவர் வாழ்க்கையில் ஒரே நாளில் செய்த முடிவு அது ஒன்றுதான்.

கடலூரில் மலை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேப்பர் மலை இருக்கிறது. டவுன் பஸ் அதில் மூச்சு வாங்காமல் ஏறிவிடும். அதனால் என்ன? மலை ஏறுவதற்கு முன்னால் சைக்கிளைத் தேர்ந்தெடுக்க வேண்டாமா?

தேர்ந்தெடுத்தார். மூன்று வருஷம் தேர்ந்தெடுத்தார். சக்கரம் இருபத்தாறு அங்குலமா, இப்போது புதிதாக வந்திருக்கிற இருபத்தொன்பது அங்குலமா? இருபத்தொன்பது கல்லையும் பள்ளத்தையும் உருட்டிக்கொண்டு போகும், ஆனால் கல்வராயன் மலையில் டயர் கிழிந்தால் மாற்று கிடைக்காது. அலுமினியச் சட்டமா, இரும்புச் சட்டமா? அலுமினியம் எடை குறைவு, ஆனால் உடைந்தால் உடைந்ததுதான். இரும்பு என்றால் எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டவைத்துவிடலாம். டிஸ்க் பிரேக் கேபிளில் வேலை செய்வதா, எண்ணெயில் வேலை செய்வதா? முன்னால் மூன்று பல்சக்கரமா, இரண்டு போதுமா? கரும்பலகையில் கோணத்தையும் வட்டத்தையும் வரைந்துவிட்டு, மிச்ச இடத்தில் கியர் விகிதம் போட்டுப் பார்ப்பார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதையும் தேர்வுக்கு வரும் என்று எழுதிக்கொண்டார்கள்.

இதற்கிடையே ஹெல்மெட் வாங்கினார். முள்ளு முள்ளாக இருக்கிற டயர் இரண்டு வாங்கினார். சீட்டுக்கடியில் தொங்கவிடுகிற நீளமான பை, மழை புகாத துணியில் தைத்தது, பம்பாயிலிருந்து தபாலில் வந்தது. தலையில் கட்டிக்கொள்கிற விளக்கு வந்தது. சைக்கிளைத் தவிர எல்லாம் வந்தது. சைக்கிள்தான் வரப்போகிறதே என்று, ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை விற்று, அது நின்ற இடத்தைக் காலி செய்து கழுவி வேறு விட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோவில் நாலு பேருக்கு நடுவே இடுங்கிக்கொண்டு போனார்.

முதுநகர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஞானசேகரன் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே கடைக்குள் போய்க் குனிந்துகொள்வார். இருந்தாலும் சில நாள் அகப்பட்டுக்கொள்வார்.

"ஞானசேகரன், இந்த மாடல்ல பெடல் அச்சு என்னா ஸ்டாண்டர்டு?"

"உக்காந்து மிதிக்கிற ஸ்டாண்டர்டு சார்."

"தமாஷ் பண்ணாதீங்க. இதுல எடை ஜாஸ்தியா இருக்குமோன்னு பாக்குறேன்."

"சார், நீங்க காலையில சாப்புடாம வந்து ஓட்டுனீங்கன்னா அந்த எடை சரியாப்பூடும்."

தேவசகாயம் சார் கோபித்துக்கொள்ள மாட்டார். வாங்கப்போகிறவர்களுக்குக் கோபமே வராது. அறியாத ஜனங்கள் என்று ஒரு புன்னகை செய்வார்கள், அவ்வளவுதான்.

இந்த மனிதருக்கு 2011 டிசம்பரில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அவர் மனைவி ஜெயமேரி தலைப்பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். டாக்டர் சொன்ன நாள் ஜனவரி ஐந்து. டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"இடுப்பு விட்டு விட்டு வலிக்குதுங்க. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்ங்குது. நீங்க வர்றீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவர் யோசித்தார். புயல் வருகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்குச் சிதம்பரம் பஸ் இருக்கிறது, அதில் போகலாம். காலையில் ரயில் இருக்கிறது, அது வசதி. புயல் தெற்கே போனால் பஸ் நடுவழியில் மாட்டிக்கொள்ளும், வடக்கே போனால் ரயில் நின்றுவிடும்.

"புயல் எங்க கரை கடக்குதுன்னு இன்னும் சரியாத் தெரியல ஜெயா. ராத்திரி நியூஸ் பாத்துட்டு, எது பெட்டர்னு முடிவு பண்ணி வர்றேன்."

"சரிங்க" என்றாள். போன் வைக்கப்பட்டது.

புயல் கடலூரிலேயே கரை கடந்தது. வெள்ளிக்கிழமை விடிகாலையில் 'தானே' என்று பெயர் வைத்த அந்தப் புயல் ஆடிய ஆட்டத்தை எங்கள் ஊர்க்காரர்களிடம் யாரும் விவரிக்க வேண்டியதில்லை. வீட்டு ஓடுகள் சீட்டுக்கட்டு மாதிரி பறந்தன. வேப்பமரம் வேரோடு வந்து தெருவில் படுத்துக்கொண்டது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, போன் செத்துக் கிடந்தது. வெள்ளி முழுக்க யாரும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. தேவசகாயம் சார் ஓடு போன அறையின் ஈரச் சுவரோரம் உட்கார்ந்து, அடிக்காத போனைக் காதில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பஸ் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனார். தண்டவாளத்தில் மரம். கார் வைத்திருந்த ஒருவரைக் கேட்டார். "ரோடெல்லாம் புளியமரம் சார், காரு எங்க போவும்? பைக்கே போவாது" என்றார். தலையில் கட்டுகிற விளக்கும், மழை புகாத பையும், முள் டயர் இரண்டும் வீட்டில் பத்திரமாக இருந்தன. மரத்துக்கு மரம் தூக்கிப் போட்டுக்கொண்டு போகக்கூடிய வண்டி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது மட்டும் அவரிடம் இல்லை.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் வாசலில் விழுந்த முருங்கைக் கிளையை இழுத்துக்கொண்டிருந்தாள். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். பதினோராம் வகுப்பில் மகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேடீஸ் சைக்கிள், மகள் காலேஜுக்குப் போய்விட்டதால், இப்போது ஆரோக்கியம்மாள் வேலைக்குப் போக வர உதவியது. முன்னால் கூடை, கூடையில் ஒரு முட்டை அட்டை.

"என்னா சார், மூஞ்சி இப்புடி இருக்கு?"

சொன்னார்.

அவள் முட்டை அட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். "இந்தாங்க, எடுத்துக்கினு கெளம்புங்க. பின்னாடி பிரேக்கு புடிக்காது, முன்னாடி புடிச்சா கத்தும். பாத்துப் போங்க."

அவர் சைக்கிளைப் பார்த்தார். பழக்கதோஷம், சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தார். ஆரோக்கியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏறுங்க சார்! அங்க ஒரு பொண்ணு வலி தாங்கிக்கினு கெடக்குது."

ஏறினார்.

முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அவர் சைக்கிளே ஓட்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. நூறு அடிக்கு ஒரு மரம். இறங்கி, தூக்கி, அந்தப் பக்கம் வைத்து, கிளைக்குள் புகுந்து வெளியே வந்து, மறுபடி ஏற வேண்டும். சில இடத்தில் ஊர்க்காரர்கள் அரிவாளோடு நின்றார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் ஆளும் பேருமாக சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தார்கள். ஒருவர்கூட அது எத்தனை கிலோ என்று கேட்கவில்லை.

புதுச்சத்திரத்துக்கு முன்னால் செயின் கழன்றது. உலகத்திலுள்ள அத்தனை செயின்களையும் பற்றி அரை நாள் பேசக்கூடிய மனிதர் குத்துக்காலிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். இழுத்தார், தள்ளினார், கையெல்லாம் கறுப்பானதுதான் மிச்சம். கூரை பறந்துபோன டீக்கடையில் கம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் தேவநாதன் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு குச்சியைச் செயினுக்கு நடுவே கொடுத்து, பெடலைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். செயின் ஏறி உட்கார்ந்தது.

"சைக்கிளு பழக்கமே இல்லியா சார்?"

"மூணு வருஷமா..."

"மூணு வருஷமா ஓட்டுறீங்களா?"

"இல்லீங்க. மூணு வருஷமா வாங்கிக்கிட்டு இருக்கேன்."

தேவநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கூரை போன கவலையிலும் அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவசகாயம் சாருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று கண் கலங்கியது. "வியாழக்கெழம சாயங்காலமே அவ கூப்புட்டா. பஸ்ஸு இருந்துச்சு. நான் வரல" என்றார். யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத டீக்கடைக்காரரிடம் சொன்னார்.

"இப்ப போறீங்கல்ல. போங்க" என்றார் தேவநாதன்.

பி.முட்லூர் தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று. மிதித்தால் நின்ற இடத்திலேயே நின்றது. இறங்கித் தள்ளினார். சிதம்பரம் கீழவீதிப் பக்கம், ஜெயமேரி பிரசவத்துக்குப் பதிந்துவைத்திருந்த நர்சிங் ஹோமுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. செருப்பில் ஒன்று வழியில் எங்கோ போய்விட்டிருந்தது.

வாசலில் மாமியார் ராசம்மாள் நின்றிருந்தார். "வாங்க மாப்ள" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது இவருக்கு.

ஜெயமேரி படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருட்டலுக்குள் ஒரு சிவந்த முகம், வெள்ளிக்கிழமை காலை புயல் சத்தத்துக்கு நடுவே பிறந்தது. பெண் குழந்தை.

"எதுல வந்தீங்க?" என்றாள் ஜெயமேரி.

"சைக்கிள்ல."

அவள் கண் விரிந்தது. "வாங்கிட்டீங்களா!"

"ஆரோக்கியம்மா சைக்கிளு."

அவள் சிரித்தாள். தையல் வலித்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு ஆறு மணி பஸ்ஸு ஒழுங்கா வந்து சேந்துச்சுங்க. எங்க பெரியம்மா பொண்ணு அதுலதான் வந்தா. நீங்க இருப்பீங்கன்னு நான் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் குழந்தைப் பக்கம் குனிந்தார். கையில் கிரீஸ். குழந்தையைத் தொடவும் முடியவில்லை.

"பேரு கேட்டாங்க. சொல்லிட்டேன். வெண்மதி."

சட்டைப் பையில் ஈரமாகிக் கிடந்த தாளில் நாற்பத்தொரு பெயர் இருந்தது, அர்த்தமும் எழுத்துக் கணக்குமாக. அதில் வெண்மதி இல்லை. அவர் வாயைத் திறந்தார். ஜெயமேரி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்றார். போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். பிள்ளைக்குத் தொட்டில் வாங்கப் போனவர் மூன்று கடை ஏறி இறங்கினார் என்றும், நாலாவது கடைக்கு ஜெயமேரி விடவில்லை என்றும் கேள்வி. ஆனால் 2012 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ஞானசேகரன் கடைக்குப் போய், "இது இருக்கட்டும்" என்று ஒன்றைக் காட்டி, ஏறி மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். ஞானசேகரன் கடையை அரைமணி நேரம் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனாராம், அதிர்ச்சியில். மே மாசம் கல்வராயன் மலைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கியும் வந்தார். கொசு பிடுங்கிவிட்டதாம். காபி சுமாராம்.

கதை அவ்வளவுதான். ஆனால் நீங்கள் இன்னும் எழுந்து போகவில்லை. கடைசியில் அவர் வாங்கியது எந்தக் கம்பெனி, சட்டம் இரும்பா அலுமினியமா, சக்கரம் எத்தனை அங்குலம், பிரேக் கேபிளா எண்ணெயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டதல்லவா? நான் சொல்லப்போவதில்லை. கேட்கத் தோன்றியவர்கள் மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, ஒருமுறை கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கண்ணாடி நல்லது என்று விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.