ராணுவ அடுப்பும் என் அரை மீசையும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை நலம், அவளுடைய தொட்டிச் செடிகள் நலம், நான் ஏறக்குறைய நலம். அங்கே நீங்களும் என் மகளும் முழு நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குடும்பத்தில் யாராவது முழுசாக இருக்க வேண்டும் அல்லவா?

நிற்க. மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்க வரும்படி என்னை அழைத்திருந்தீர்கள். முழங்கால் வலியால் வர இயலவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதியும் விட்டேன். எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் அத்தை, "எந்த முழங்கால்?" என்று கேட்டாள். இடது என்றேன். "காலைல வலதுன்னீங்களே" என்றாள். ஆகையால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நம் இருவருடைய பேச்சு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "நல்லா இருக்கீங்களா மாமா?" "இருக்கேன் மாப்பிள்ளை, இதோ அத்தைகிட்ட குடுக்கறேன்." கல்யாணம் ஆன நாளிலிருந்து இதைத் தாண்டி ஒரு வாக்கியம் நாம் முன்னேறியதில்லை.

அப்படிப்பட்ட நீங்கள் அன்றைக்கு அதிசயமாக, "நீங்களும் வாங்களேன் மாமா, வெட்டவெளியில தங்கிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் என் முகம் இன்று இந்தக் கதிக்கு ஆளாகியிருக்காது. "அதெல்லாம் நமக்குப் புதுசா மாப்பிள்ளை! சமையலை என்கிட்ட விட்டுடுங்க" என்று என் வாயிலிருந்தே ஒரு குரல் கிளம்பியது. நான் வீட்டுக்கு வெளியே சமைத்ததில்லை. வீட்டுக்கு உள்ளே சமைத்ததாகவும் சாட்சி யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற உங்கள் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையோடு நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ரோஷம் விட்டால்தானே?

மறுநாளே பழைய ராணுவச் சாமான் விற்கும் கடைக்குப் போய்விட்டேன். தொப்பி, பூட்ஸ், கம்பளி மலைக்கு நடுவே அந்த அடுப்புச் செட்டு கிடந்தது. ஒரு அலுமினியப் பாத்திரம், வறுக்கவும் உதவும் மூடி, சின்னதாக ஒரு ஸ்பிரிட் அடுப்பு, இத்தனையையும் உள்ளே அடக்கிக்கொள்ளும் காற்றுத் தடுப்பு, சுற்றிக் கட்ட ஒரு தோல் வார். "போர்ல இருந்ததா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "கிடங்குல இருந்தது சார்" என்றார் கடைக்காரர். "இந்த நசுங்கின ஒடுக்கு?" "கிடங்குல விழுந்தது." எனக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே அதைப் பனிமலையில் குண்டு பட்ட ஒடுக்காக ஆக்கிக்கொண்டேன்.

அப்படியே விட்டிருந்தால் அது பாட்டுக்கு உழைத்திருக்கும். ஆனால் இந்த மாதிரிச் செட்டை அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்வதுதான் தேர்ந்தவர்களின் வழக்கம் என்று ஒரு வீடியோவில் தாடி வைத்த ஒருவர் சொன்னார். காற்றுத் தடுப்பில் இன்னும் நாலு துளை போட்டால் தீ திகுதிகுவென்று எரியுமாம். கைப்பிடிக்கு உறை போட்டால் கை சுடாதாம். சரிதான் என்று துளைபோடும் மெஷினை இரவல் வாங்கி, பால்கனியில் பழைய துண்டை விரித்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, சுற்றி அளவெடுத்துப் புள்ளி வைத்து, துளை போட்டேன் பாருங்கள், அவ்வளவு அழகான துளைகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். துணி எடுக்க வந்த உங்கள் அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "என்னங்க, ஓட்டை எதுல போடணும்?" "காற்றுத் தடுப்புல." "அப்போ உங்க கால்கிட்ட கிடக்கறது என்ன?" குனிந்து பார்த்தேன். காற்றுத் தடுப்பு கிடந்தது. கவிழ்த்து வைத்தால் இரண்டும் ஒரே ஜாடை, மாப்பிள்ளை. நான் துளைத்திருந்தது சமைக்கிற பாத்திரத்தை.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? நாலு துளைக்கும் திருகாணி போட்டு, ரப்பர் வளையம் வைத்து இறுக்கினேன். கைப்பிடி உறைக்கு, செடிக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன். குழாய் உங்கள் அத்தையுடையது. இந்தப் பகுதியை நீங்கள் உரக்கப் படிக்க வேண்டாம்.

வெள்ளோட்டம் மொட்டை மாடியில், பட்டப்பகலில். பாத்திரத்தில் தண்ணீர், தண்ணீரில் இரண்டு உருளைக்கிழங்கு. ஸ்பிரிட்டை ஊற்றித் தீக்குச்சி கிழித்து வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு குச்சி. ஊஹூம். ஸ்பிரிட் தீ நல்ல வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்று தாடிக்காரர் சொல்லியிருக்கலாம், நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கலாம். பற்றவில்லையே என்று உற்றுப் பார்க்கக் குனிந்தேன். பற்றியிருந்தது. மீசையில் இடது பக்கம் சர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு நாற்றம், அப்புறம் இடது பக்கம் மீசை இல்லை. இதற்குள் பச்சைக் குழாய் உருகி அடுப்பு மேல் வழிய, ரப்பர் வளையம் இளகி நாலு துளையிலும் தண்ணீர் ஒழுக, கரும்புகை எழும்பிப் பக்கத்துக் கொடியில் காய்ந்த யாருடைய வெள்ளைப் படுக்கை விரிப்பையோ போய்த் தழுவிக்கொண்டது. மூடியைப் போட்டு அமுக்கித் தீயை அணைத்து நிமிர்ந்தால், குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூச்சு வாங்கியபடி மாடிப்படியில் நிற்கிறார்.

"என்ன சார் எரியுது?"

"எரியுதா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்க மீசை..."

"எடுத்துட்டேன்."

"பாதியா?"

"மீதி நாளைக்கு."

மனுஷர் படியில் இறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நான் ஆயுசு முழுக்க என்ன வேலை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்ஷூரன்ஸில் தீ விபத்து ஆய்வாளர். கருகின கடை, கருகின கிடங்கு, கருகின சமையலறை எல்லாவற்றிலும் நின்றுகொண்டு, அழுகிற மனிதர்களைப் பார்த்து ஈவிரக்கமில்லாமல் கேள்வி கேட்டு, கடைசி வரியில் 'கவனக்குறைவு' என்று எழுதி வந்தவன். அன்றைக்கு உங்கள் அத்தை என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் சுட்ட மேலுதட்டுக்கு மருந்து தடவிக்கொண்டே கேட்டாள்: "சம்பவம் நடந்தப்போ பொறுப்பானவங்க யாராவது இருந்தாங்களா?" "நான் இருந்தேன்." "நான் கேட்டது பொறுப்பானவங்க." "இல்ல." "பக்கத்துல சுலபமா தீப்பிடிக்கிற பொருள்?" "இருந்தது." "என்ன அது?" "மீசை." அவ்வளவுதான், மருந்துக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நான் முறைத்துப் பார்த்தேன். அரை மீசையோடு முறைத்தால் இன்னும்தான் சிரிப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு ரேசரை எடுத்து வந்து மீதி மீசையை அவளே வழித்துவிட்டாள். வழித்துக்கொண்டே, "மாப்பிள்ளை உங்களக் கூப்பிட்டது அடுப்பு பத்தவைக்கவாங்க? அவருக்கு அப்பா இல்ல. கூட ஒரு பெரியவர் வந்தா நல்லாயிருக்கும்னு கூப்பிட்டிருப்பார். அது புரியல உங்களுக்கு" என்றாள்.

புரிந்த பிறகுதான் கூச்சம் அதிகமாகிவிட்டது. துணைக்குக் கூப்பிட்டவரிடம் சூரப்புலி மாதிரி அளந்துவிட்டு, இப்போது மொழுமொழுவென்று ஒரு முகத்தைத் தூக்கிக்கொண்டு எப்படி வந்து நிற்பது? ஆகவே இந்தத் தடவை என்னை விட்டுவிடுங்கள். நீங்கள் இருவரும் சந்தோஷமாகப் போய்வாருங்கள். மகளிடம் முழங்கால் என்றே சொல்லிவையுங்கள். எந்த முழங்கால் என்று அவளும் கேட்பாள், அம்மாவின் பெண் அல்லவா? யோசித்து ஒன்றையே சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நெருப்புக்குத் தள்ளியே நின்று, நீடூழி வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

உங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் உங்கள் அத்தை கடிதத்தைப் பிடுங்கி, உங்களுக்குப் போன் போட்டு, குழாய் விஷயம் உட்பட முழுவதையும் படித்துக் காட்டியது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சிரித்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது. கூடாரம் போடும் இடத்தில் அடுப்பு மூட்டவே தடை, மூன்று வேளையும் கேன்டீன் சாப்பாடு என்று நீங்கள் சொன்ன பிறகு, நான் போனை வாங்கி, நாம் இருவரும் எதையெதையோ பேசி என் காதே சூடாகிவிட்டது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள். நான் வருகிறேன். அத்தையும் வருகிறாள். ஏற்கெனவே கேட்ட கடிதத்தை எதற்கு அனுப்புகிறார் என்று நினைக்காதீர்கள், அஞ்சல்தலை ஒட்டிவிட்டேன். நீங்கள் வாங்கியிருக்கும் புதுக் கூடாரத்தில் ஜன்னல் உண்டா என்று உங்கள் அத்தை கேட்கிறாள். இல்லாவிட்டால் கவலை வேண்டாம். என்னிடம் நல்ல கத்தரிக்கோல் ஒன்று இருக்கிறது, கொண்டு வருகிறேன்.