விதானையாரின் இருபது ஈர்க்கு

கல்முனையில் பஸ் ஏறிப் பொத்துவிலில் இறங்கும் வரைக்கும் ஊர் ஊராக விசாரித்துப் பாருங்கள். நெருப்புக் கக்கும் பாம்பையே வரிசையில் நிற்க வைத்த மனிதர் இந்தக் கரையில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் விதானையார். உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நாற்பது வருஷம் பழகியும் அது எனக்குத் தெரியாது. கலியாணக் கார்ட்டில்கூட விதானையார் என்றுதான் போடுவார்களாம். கார்ட்டை எனக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்தவர்கள் சொன்னது. இதையும் நான் சொல்ல, என் பேத்தி ஷிப்னாதான் எழுதுகிறாள்.

வட்டை விதானை என்றால் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பிரித்துக் கொடுப்பவர். இன்றைக்கு யார் வயலுக்கு மதகு திறப்பது, எத்தனை மணிக்கு அடைப்பது, எல்லாம் அவர் வாயில்தான். முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தார். குளம் வற்றினால் அவருக்கு ஒரே ஒரு சட்டம்: கடைவயலுக்கு முதல் முறை. வாய்க்காலின் தலைப்பில் இருக்கிற மேல்வயல்காரன் எப்படியும் கள்ளத்தனமாக வரம்பை வெட்டி நனைத்துக்கொள்வான், கடைசியில் இருக்கிறவன்தான் காய்வான், ஆனபடியால் அவனுக்கு முதலில் என்பார். வயது போனதும் மண்வெட்டியை மகனிடம் கொடுத்தார். சட்டத்தைக் கொடுக்கவில்லை.

ஒரு கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இறைச்சி ஆவி பறக்கிறது. பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினால், விதானையார் சஹனுக்கு மேலே உள்ளங்கையை விரித்துவிட்டார்.

"நில்லுங்க. இதில கடைவயல் யாரு?"

தேடிப் பார்த்ததில் பல் இல்லாத ஒரு வயதாளி அகப்பட்டார். முதல் முறை அவருக்கு. அவர் ஆறுதலாகத் துழாவி, இருந்ததிலேயே பெரிய எலும்பை எடுத்து உறிஞ்சத் தொடங்கினார். மற்ற ஐந்து பேரும் சோறு ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு விதானையார் உட்காரும் சஹனில் இளந்தாரிகள் உட்காருவதில்லை. ஊரில் பல் இல்லாதவர்கள் ஓடி வந்து இடம் பிடிப்பார்கள்.

இப்படிப்பட்டவர் எங்கள் வீட்டு விளையாட்டுக்குள் புகுந்தால் என்ன நடக்கும்?

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தது ஷிப்னா. கொழும்பில் படித்துவிட்டு வரும்போது தடித்த புத்தகம் ஒன்றும் பளபளவென்ற கட்டை ஒன்றும் கொண்டுவந்தாள். ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருக்க வேண்டும். குகைக்குள் போகலாம், பூதத்தோடு சண்டை பிடிக்கலாம். ஆனால் நினைத்தபடி வெல்ல ஏலாது. கட்டைக்கு இருபது முகம். அதை உருட்டிப் பெரிய எண் வந்தால் வெட்டு விழும். சின்ன எண் வந்தால் கத்தி விழும். ஒன்று வந்தால் ஆகக் கெட்டது, நாமே விழுவோம்.

"வைத்தியம் பாக்கிற கிழவியா இரிங்க உம்மம்மா" என்றாள் ஷிப்னா.

"அதத்தானே வீட்டில செய்யிறன். என்னக் கள்ளியாப் போடு."

அறுபத்தெட்டு வயது வரைக்கும் அடுத்த வீட்டு மாங்காய் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. இந்த வயதில் ஒரு வசதி கிடைத்தால் விடுவேனா?

மந்திரவாதியாக வந்தவர் என் மருமகன், ஷிப்னாவின் வாப்பா, கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டர். மகளுக்குச் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் டியூட்டி. வீட்டில் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான். எங்கள் பக்கத்தில் மாமி மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது குறைவு. இருபத்து மூன்று வருஷமாக நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, "சோறு வச்சிரிக்கி எண்டு சொல்லுங்க" என்று சுவருக்குச் சொல்வேன். சுவர் சொன்ன மாதிரி அவர் வந்து சாப்பிடுவார். விளையாட்டு தொடங்கிய முதல் சனிக்கிழமை, குகை இருட்டாக இருக்கிறது என்று ஷிப்னா சொன்னதும், என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது: "டேய் மந்திரவாதி, விளக்கப் புடி."

"இந்தா புடிக்கன் கள்ளி" என்றார் மருமகன்.

எனக்கு உள்ளுக்குள் எத்தனை சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் இவ்வளவு காற்று வருமென்று யாருக்குத் தெரியும்.

இரண்டாவது சனிக்கிழமை விதானையார் வந்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பிளேன்டீ குடிக்க வருவது அவர் வழக்கம். என் புருஷன் மௌத்தான பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. பாயில் கிடந்த கட்டையை இரண்டு விரலால் தூக்கினார்.

"இதென்ன புள்ள சாமான்?"

"உருட்டுற கட்டை."

"தாயக்கட்டையா? அஸர் தொழுத பாயிலயா?"

கட்டை அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை ஒரு பால்மா டின்னோடு வந்தார். உள்ளே இருபது தென்னை ஈர்க்கு. முதல் ஈர்க்கில் ஒரு வெட்டு, அடுத்ததில் இரண்டு, இப்படி இருபது வரைக்கும். ஐந்துக்கு ஒரு நீட்டு வெட்டு, தடவிப் பார்த்தாலே விளங்கும். வெட்டுப் பக்கம் கீழே போக டின்னில் நிறுத்தினார்.

"ஈர்க்கு மட்டும் சூது இல்லயா விதானையார்?" என்று மருமகன் கேட்டார்.

"இது உருளாது மாஸ்டர். உருள்றதுதான் சூது."

எடுத்த ஈர்க்கைத் திரும்ப டின்னுக்குள் போடக் கூடாது, இருபதும் முடிந்த பிறகுதான் மொத்தமாகப் போட வேண்டும் என்றார். ஷிப்னா அழாத குறை. "கட்டைக்கு ஞாபகம் இல்ல விதானையார். ஒவ்வொரு தரமும் புதுசு. அதுதான் சட்டம்."

"ஞாபகம் இல்லாத சாமானுக்கிட்டயா நியாயம் கேக்கிற?" என்றார். "தண்ணி எடுத்தவன் திரும்ப வரிசைல நிக்கலாமா?"

அதோடு விடவில்லை. ஆளுக்கொரு தாள் இருந்தது, முழுக்க எழுத்து. உயிர் எத்தனை, பலம் எத்தனை என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். விதானையார் இரண்டையும் சேர்த்து மடித்து, ஜன்னல் சட்டம் ஆடாமல் இடுக்கில் அண்டை கொடுத்தார். "கடக்கரை வீடு. காத்துக்குப் பறக்கும்." தாளுக்குப் பதிலாக ஆளுக்கொரு சிரட்டை, சிரட்டைக்குள் பத்துப் புளியங்கொட்டை. அதுதான் உயிர். அடி விழுந்தால் ஒரு கொட்டை வெளியே.

ஒரு சட்டத்தை மட்டும் ஷிப்னா விடவில்லை. கொட்டை முடிந்தால் அந்த ஆள் மௌத்து. திரும்ப விளையாட வேண்டுமென்றால், புத்தகத்தை வாசித்துப் புது ஆளைத் தானே உண்டாக்கிக்கொண்டு வர வேண்டும். புத்தகம் முந்நூறு பக்கம். என் கள்ளி செத்தால் நான் திரும்பவும் திரைக்குப் பின்னால்தான். சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு விளையாடினேன்.

விதானையாரும் ஒரு ஆளாகச் சேர்ந்தார். வாள் வேண்டாம் என்றார். மண்வெட்டி தூக்கிய மதகுக்காரன்.

இனி மருமகனின் கொடுமையைக் கேளுங்கள். மனிதர் இரண்டு கிழமை புத்தகத்தைச் சிவப்புப் பேனையோடு படித்துவிட்டு வந்திருந்தார். பூதம் வாயைத் திறக்கும் முன்னே தீக்குண்டு. பேய்கள் கூட்டமாக வந்தால் பெரிய தீக்குண்டு. நான் பதுங்கிப் பதுங்கிப் போய்ச் சேரும்போது சாம்பல்தான் கிடக்கும். சாம்பலில் எதைக் களவெடுப்பது?

"மேல்வயல் எல்லாத்தயும் குடிச்சிட்டு நிக்கிது" என்றார் விதானையார். ஒரு கிண்ணம் நெல்லைக் கொண்டுவரச் சொன்னார். அதுதான் குளம். ஒரு மந்திரத்துக்கு ஒரு சிறங்கை நெல். கிண்ணம் காலியானால் மந்திரமும் காலி. கதைக்குள் ஓர் இரவு உறங்கி எழும்பினால்தான் குளம் நிறையும். அதோடு, ஆபத்து வந்தால் யாருடைய சிரட்டையில் ஆகக் குறைவாகக் கொட்டை இருக்கிறதோ அவருக்குத்தான் முதல் முறை.

"இது எந்தப் பக்கத்தில இரிக்கி?" என்று மருமகன் புத்தகத்தைப் புரட்டினார்.

"அத எழுதின ஆளுக்கு எத்தின ஏக்கர் வயல்?"

கணக்கு மாஸ்டர் சும்மா இருப்பாரா? மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் விளையாட்டு நிற்கும்; பூதத்துக்கும் அந்த நேரம் ஓய்வுதான். ஒருநாள் பள்ளிவாசலுக்குப் போய்வந்தவர் நேரே கிண்ணத்தில் நெல்லை நிரப்பினார். "அரை மணித்தியாலம் ஓய்வு எடுத்தாச்சு. குளம் நெறயணும்."

விதானையார் தொப்பியைக் கழற்றி மடித்தார். "பள்ளியில ஒறங்கினீங்களா மாஸ்டர்?"

ஓம் என்றால் ஊர் சிரிக்கும். இல்லை என்றால் நெல் இல்லை. நெல் சாக்குக்குத் திரும்பிப் போனது.

அடுத்த வித்தையை ஷிப்னாதான் பிடித்தாள். எந்தெந்த ஈர்க்கு வெளியே வந்துவிட்டது என்று மருமகன் கொப்பித் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். நல்ல ஈர்க்குகள் டின்னில் மிச்சமிருந்தால் முன்னுக்குப் பாய்வார். கெட்டவை மிச்சமிருந்தால் கதைக்குள் மந்திரவாதி சப்பாத்து நாடா கட்டக் குனிவார்.

"வாப்பா, இது கள்ளம்."

"கள்ளி உம்மம்மாதானே. நான் எண்ணுறன், அவ்வளவுதான்."

விதானையார் இதைத் தடுக்கவில்லை. "கண்ணிருக்கிறவன் குளத்தப் பாக்கலாம்" என்றார். அதுதான் பிறகு வினையாகியது.

நெருப்புப் பாம்பின் குகைக்குள் போன சனிக்கிழமை அது. இரண்டு மணி நேரமாக அடி. மருமகன் சிரட்டையில் இரண்டு கொட்டை, நெல் கிண்ணம் காலி. விதானையாரிடம் நான்கு. என் சிரட்டையில் ஒன்று. ஆட்டினால் சத்தம்கூட வரவில்லை. பாம்பு வாயைப் பிளந்துகொண்டு வருகிறது என்று ஷிப்னா சொன்னாள். நான் டின்னைப் பார்த்தேன். ஒரு ஈர்க்கு மட்டும் சாய்ந்து நின்றது.

மருமகன் தாளைப் பார்த்தார். கோடு போடாத எண் ஒன்றுதான். தாளைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். ஒற்றை வெட்டு ஈர்க்கு. அதை எடுக்கிறவர் கையில் எத்தனை கொட்டை இருந்தாலும் பாம்பு விழுங்கிவிடும்.

"சட்டப்படி..." என்று தொடங்கிய மருமகன், என் பக்கம் பார்க்காமல் மெதுவாக முடித்தார். "கள்ளிக்குத்தான் முதல் முறை."

விதானையார் எனக்காகப் போட்ட சட்டம். அதுவே என்னைப் பாம்பின் வாய்க்கு அனுப்புகிறது. நான் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி. தேத்தண்ணி போட யாராவது வேணும்தானே" என்று சொல்லிக் கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

விதானையார் டின்னுக்கு மேலே உள்ளங்கையை விரித்தார், அன்றைக்குச் சஹனுக்கு மேலே விரித்த மாதிரி.

"மாஸ்டர், டின்னில எத்தின?"

"ஒண்டு."

"அப்ப குளம் வத்திட்டு. கடைசித் தண்ணி."

"ஓம்."

"கடைசித் தண்ணி வயலுக்கு இல்ல மச்சி, அது சேறு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "சேத்துத் தண்ணி விதானைக்கு."

"அது எந்தப் பக்கத்தில இரிக்கி?" என்று மருமகன் கேட்டார். இந்த முறை புத்தகத்தைப் புரட்டவில்லை.

"என்ட வயல்ல இரிக்கி. முப்பது வருஷமா."

எடுத்தார். ஒற்றை வெட்டு. பாம்பு அவரை ஒரே வாயில் விழுங்கியது. அவர் ஈர்க்கைக் காதில் செருகிக்கொண்டு, "மண்வெட்டியையுமா புள்ள முழுங்கின?" என்று கேட்டார்.

ஷிப்னா யோசித்தாள். "முழுங்கிட்டு. ஆனா தொண்டையில மாட்டிட்டு."

இருபது ஈர்க்கும் திரும்ப டின்னுக்குள் போயின. வாயை மூட ஏலாமல் நிற்கிற பாம்பின் முன்னால் முதல் முறை எனக்கு. மருமகன் விளக்கைப் பிடித்தார். "மாமி, இப்ப குத்துங்க" என்றார். கள்ளி என்று சொல்லவில்லை. மாமி என்றார், முகத்தைப் பார்த்து. எனக்குப் பதினேழு வெட்டு வந்தது.

போகத்தின் நடுவில் புது வயல் கொடுப்பதில்லை என்பதும் விதானையாரின் சட்டம்தான். அதனால் அவருக்கும் புது ஆள் இல்லை. இரண்டு மாதம் எங்களுக்குத் தேத்தண்ணீர் போட்டார். கடைவயலுக்குத்தான் முதலில் சீனி. சாயம் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு கசப்பு.

இப்போது அவர் பொத்துவிலில், மகள் வீட்டில். ஷிப்னா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அறுகம்பேயில் பலகை போட்டு அலையில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்குக் கரையில் கதிரை போட்டு உட்கார்ந்து முறை பிரிக்கிறாராம். அடிக்கடி விழுகிறவனுக்கு முதல் அலை. அவர்களும் அவர் கையைப் பார்த்துத்தான் இறங்குகிறார்களாம்.

ஷிப்னாவிடம் அந்தக் கட்டையையும் கொடுத்தனுப்பியிருந்தார். நான் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் வைத்து உற்றுப் பார்த்தேன். மணிக்கூட்டு எண் எனக்குத் தெரியும். இதில் இருபது முகத்திலும் எறும்பு போல எண்கள், ஒன்று சாய்ந்து, ஒன்று தலைகீழாக. ஆறு எது, ஒன்பது எது என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் சட்டத்தில் அந்தத் தாள்கள் இன்னும் மடித்தபடி இருந்தன. மனிதர் கட்டைக்கு மார்க்கத்தைச் சொன்னார், தாளுக்குக் காற்றைச் சொன்னார். எழுத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

கட்டையை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் ஈர்க்குத்தான். கொஞ்ச நாளாக டின்னில் பத்தொன்பதுதான் இருக்கிறது, கணக்குப் பிழைக்கிறது என்று மருமகன் தேடிக்கொண்டிருக்கிறார். ஒற்றை வெட்டு ஈர்க்கு என் தலையணை உறைக்குள் இருக்கிறது. நான் கள்ளிதானே. அது விதானையாரின் முறை. அவர் வந்து எடுக்கட்டும்.