ஒரு விரலுக்கு ஒரு ஆடு

அக்-தெரெக் ஊரில் அந்த மே மாதம் ஆள்காட்டி விரல்களுக்குக் கிடைத்த மரியாதை, அதுவரை எந்த ஆளுக்கும் கிடைத்ததில்லை.

விடிந்தால் போதும், கலாசார மன்றத்து வாசலில் வரிசை நிற்கும். குதிரையில் வந்தவர்கள், பழைய காரில் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து வந்தவர்கள், மலைமேல் மேய்ச்சல் கூடாரங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். எல்லார் கையிலும் ஒரு பிள்ளை, ஒரு கயிறு, கயிற்றின் முனையில் ஒரு ஆடு. உள்ளே போகும்போது பிள்ளையும் ஆடும் போகும். வெளியே வரும்போது பிள்ளை மட்டும் வரும், வலது ஆள்காட்டி விரலில் சிவப்புக் கம்பளி உறை ஒன்றை மாட்டிக்கொண்டு. ஆடு கொல்லைப்புறத்தில் இருக்கும். மன்றத்தின் கொல்லைப்புறத்தில், குறிக்காரர் ஒர்மோன்பெக்கின் கணக்கில்.

இத்தனைக்கும் காரணம் அரசாங்கம் விட்ட நான்கு வரி அறிவிப்பு. கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் பொதுத் தேர்வு, வரும் ஜூனிலிருந்து தாளில் கிடையாது, கணினியில். அவ்வளவுதான் விஷயம். மிச்சத்தை ஊரே எழுதிக்கொண்டது.

"கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருக்காம்ல? நம்ம பிள்ளை மனசுல நினைக்கிறதையே பாத்துடுமாம்" என்றாள் ரொட்டி வாங்க வந்த ஒருத்தி.

"அப்போ என் மவன் தப்பிச்சான். அவன் எதையும் நினைக்கவே மாட்டான்" என்றார் கடைக்காரர் சுயுன்.

"இடது கைக்காரங்களுக்கு வேற கேள்வியாம்."

"யாரு சொன்னா?"

"என் மச்சினி."

"அவளுக்கு யாரு சொன்னா?"

"நான்தான்."

இப்படிப் பயம் நன்றாகப் புளித்துப் பொங்கியிருந்த நேரத்தில்தான் ஒர்மோன்பெக் வந்து சேர்ந்தார். போன இலையுதிர் காலத்தில் இதே ஆள் பால் மறத்த பசுக்களின் மடியில் ஊதிக்கொண்டிருந்தார். பசுக்கள் அவரை நம்பவில்லை. அதனால் மனிதர்களிடம் வந்துவிட்டார். உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி, முழங்கால் வரை அங்கி, கக்கத்தில் ஒரு மடிக்கணினி.

"என் முப்பாட்டனார் ஓநாய்கிட்ட பேசினவர். நான் கம்ப்யூட்டர்கிட்ட பேசறேன்" என்று மேடையில் நின்று சொன்னார். "ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. தாள்ல பரீட்சை எழுதறது எது?"

"தலை!" என்றது கூட்டம்.

"கம்ப்யூட்டர்ல பட்டனை அழுத்தறது எது?"

"விரல்!"

"அப்போ இனிமே எதைத் தயார் பண்ணணும்?"

"விரலை!"

என் தங்கங்களே, அந்த அரங்கத்தில் கால்நடை மருத்துவர் இருந்தார், தபால் அதிகாரி இருந்தார், கணக்கு டீச்சரின் கணவர்கூட இருந்தார். எல்லாருமாகச் சேர்ந்துதான் "விரலை!" என்று கத்தினார்கள்.

அவருடைய வித்தையைச் சொல்கிறேன். மேசையில் கணினியைத் திறந்து வைப்பார். திரையில் ஒரு கேள்வி, அதற்கு நான்கு விடைகள். பிள்ளை ஒன்றை அழுத்தும். 'பூம்' என்று சத்தம் வந்து திரை சிவக்கும். தவறு! இன்னொரு கேள்வி, இன்னொரு 'பூம்'. பெற்றவள் வயிற்றில் கை வைப்பாள். அப்போது ஒர்மோன்பெக் அந்த விரலைப் பிடித்து, அர்ச்சா மரத்துப் புகை காட்டி, மூன்று முறை ஊதுவார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கணினியின்மேல் கவிழ்த்து, அதற்குள் இரண்டு கைகளையும் விட்டுக் கண்மூடி முணுமுணுப்பார். விரலுக்கும் இயந்திரத்துக்கும் சம்பந்தம் பேசி முடிக்கிறாராம். தொப்பியை எடுத்ததும் பிள்ளை அழுத்தும். 'டிங்!' திரை பச்சையாகும். 'டிங்! டிங்!' கடைசியில், "வாழ்த்துகள்! மருத்துவக் கல்லூரிக்குத் தகுதி பெற்றுவிட்டீர்கள்!" என்று இயந்திரம் பெண் குரலில் சொல்லும்.

ஒரு தாய் தன் மகனின் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அதுவரை அந்த விரல் அவன் மூக்கைத் தவிர வேறெதையும் ஆராய்ந்ததில்லை.

பத்தியமும் உண்டு. பரீட்சை நாள்வரை கம்பளி உறையைக் கழற்றக் கூடாது. அந்த விரலால் சாப்பிடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், புத்தகத்தைத் தொடவே கூடாது.

"படிச்சா தலை உள்ள புகுந்து குழப்பும். ஒரு குதிரைமேல ரெண்டு பேர் ஏறிக் கடிவாளத்தைப் பிடிச்சா என்ன ஆகும்?" என்றார்.

பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கணமே பரம பக்தர்கள் ஆனார்கள்.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில்தான் ஊர் திண்டாடியது. எங்கள் பக்கத்து விருந்துச் சாப்பாடு பெஷ்பர்மக். அந்தப் பெயருக்கு அர்த்தமே ஐந்து விரல். கொழுப்பில் வழுக்கும் மாவுப் பட்டைகளை நான்கு விரலால் அள்ளிப் பாருங்கள், தெரியும். அந்த மாதம் முழுக்க இளசுகள் எல்லாரும் ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டியபடி, மடியில் பாதி, வாயில் பாதியாகச் சாப்பிட்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் விருந்துக்கு வந்து, எல்லாரும் கூரையில் எதைக் காட்டுகிறார்கள் என்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெகாயிமின் வீட்டில் மட்டும் சிரிப்பு இல்லை.

பதினேழு வயதுப் பெண். மருத்துவம் படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்தவள். அவள் அப்பா குபாத் ஆடு மேய்ப்பவர். மகள்மேல் உயிர். அதுதான் வினையாகப் போயிற்று. விரலுக்கு ஓத வைத்தார். மந்தையிலேயே நல்ல கிடாவை, கறுப்பு மூக்கனை, கொடுத்தார். அதோடு நிற்காமல் அவள் புத்தகங்களை எல்லாம் பெரிய மரப்பெட்டியில் போட்டுப் பூட்டி, மேலே வீட்டு மெத்தைகள் அத்தனையையும் அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

"அப்பா, பரீட்சைக்கு மூணு வாரந்தான் இருக்கு. புத்தகத்தைக் கொடுங்கப்பா."

"விரல் கெட்டுப் போயிடும்மா."

"தலை கெட்டுப் போகுதே, அது பரவாயில்லையா?"

குபாத் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தாள்ல எழுதறதா இருந்தா நான் கவலையே பட மாட்டேன். நீ கெட்டிக்காரி. ஆனா அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியை நீ தொட்டிருக்கியா? ஸ்கூல்ல இருக்கறது ரெண்டு. ரெண்டும் ஓடலை. டவுன் பசங்க பிறந்ததுல இருந்து அதுல விளையாடறாங்க. எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. தெரிஞ்ச ஒருத்தர் கிடைச்சிருக்காரு."

அந்தப் பயத்துக்கு என்ன பதில் சொல்வது? பயம் நிஜம். மருந்துதான் பொய். பெகாயிம் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒர்மோன்பெக் ஊரை விட்டுக் கிளம்புவதாக இருந்தது. ஆடுகளுக்கு லாரியும் வந்து நின்றுவிட்டது. அதற்கு முன் கடைசியாக ஒரு மகா ஓதல். அரங்கம் பிதுங்கி வழிந்தது. பெகாயிம் நேராக மேடைக்கு ஏறினாள்.

"ஐயா, எனக்கு இன்னொரு தடவை செஞ்சு காட்டுறீங்களா? ஊரே பாக்கட்டும்."

"வா தாயி!" இலவச விளம்பரம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஊதினார், தொப்பியைக் கவிழ்த்தார், முணுமுணுத்தார், எடுத்தார்.

திரையில் கேள்வி: இரண்டும் இரண்டும் எவ்வளவு? பெகாயிம் கூட்டத்துக்கு அதை உரக்கப் படித்தாள். "நான் ஏழுங்கிற விடையை அழுத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.

'டிங்!'

அவ்வளவுதான், குட்டு உடைந்தது என்று அவள் நினைத்தாள். பாவம், நம் ஆட்களை அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"பாத்தீங்களா!" என்று கைகளை உயர்த்தினார் ஒர்மோன்பெக். "தேர்வை மாத்திட்டாங்க, மாத்திட்டாங்கன்னு நான் சொன்னேனா இல்லையா? எவ்வளவு தூரம் மாத்தியிருக்காங்க பாருங்க!"

"அட ஆமா!" என்றது கூட்டம். "ஏழுன்னு ஆக்கிட்டாங்களே!"

"இத்தனை வருஷமா ரெண்டையும் ரெண்டையும் நாலுன்னு போட்டு வித்துட்டேனே!" என்று தலையில் கை வைத்தார் சுயுன்.

குபாத் மகளைப் பெருமையாகப் பார்த்தார். "நாலுன்னு போட்டிருந்தா ஃபெயில் ஆயிருப்பே!"

பெகாயிம் மேடையிலிருந்து இறங்கிக் கொல்லைப்புறம் போனாள். போகிற வழியில் தேநீர் மேசையிலிருந்து, எங்கள் பக்கம் தேநீரில் போடும் உப்பைக் கைநிறைய அள்ளிக்கொண்டாள். திரும்பி வரும்போது கறுப்பு மூக்கன் உள்ளங்கையை நக்கிக்கொண்டே பின்னால் வந்தது.

"ஏய், ஆட்டை எதுக்கு மேல ஏத்தறே?" ஒர்மோன்பெக்கின் குரல் ஒரு படி இறங்கியது.

அவள் விடை அழுத்தும் பொத்தான்கள்மேல் உப்பைத் தூவினாள். ஆட்டுக்கு உப்பைக் காட்டினால் அப்புறம் அதற்கு உலகமே தெரியாது, இது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். கறுப்பு மூக்கன் நாக்கை நீட்டி நக்கியது.

'டிங்!'

மறுபடி நக்கியது. 'டிங்! டிங்! டிங்!' சரித்திரம் சரி. வேதியியல் சரி. ஓர் இடத்தில் நிறுத்தித் தும்மியது. அதுவும் சரி.

"வாழ்த்துகள்!" என்றது பெண் குரல். "மருத்துவக் கல்லூரிக்குத் தகுதி பெற்றுவிட்டீர்கள்!"

"ம்மே" என்றது கறுப்பு மூக்கன்.

"அது... அது ஒரு வாரமா என்கூடவே இருக்கு. என் மூச்சுக் காத்து பட்டிருக்கு. அதோட விரலுக்கும்..." என்று இழுத்தார் ஒர்மோன்பெக்.

முன்வரிசையிலிருந்து சுயுன் எழுந்தார். ஏதோ பெரிய பாரத்தைத் தூக்குகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, மெல்லக் கேட்டார். "ஆட்டுக்கு விரலே இல்லையே ஐயா?"

அன்று அந்த அரங்கத்தில் பிறந்த முதல் யோசனை அதுதான். குழந்தை கொஞ்சம் பலவீனம். ஆனாலும் அழுதுவிட்டது, பிழைத்துக்கொள்ளும்.

பெகாயிம் உடனே கேட்டாள். "மந்திரம் ஓதறது விரலுக்கு. தொப்பியை ஏன் கம்ப்யூட்டர்மேல போடறீங்க?"

ஒர்மோன்பெக் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். குபாத் மெதுவாக மேடை ஏறினார். குறிக்காரரின் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

"தொப்பி இங்கேயே இருக்கட்டும்" என்றார். "கம்ப்யூட்டரை மூடிட்டு முதல்ல இருந்து திறங்க. ஓதின பிள்ளைங்க எல்லாம் ஒவ்வொருத்தரா வாங்க. உறையைக் கழட்டுங்க."

முதல் விரல் வந்தது. 'பூம்.' இரண்டாவது விரல். 'பூம்.' தபால் அதிகாரியின் மகன், இரண்டு முறை ஓத வைத்த விரல். 'பூம், பூம்.' கடைசியாகப் பெகாயிம் வந்தாள். இரண்டும் இரண்டும் நாலு என்று அழுத்தினாள்.

'பூம்!'

"தொப்பி போடலேன்னா நாலும் தப்பு. தொப்பி போட்டா ஏழும் சரி" என்றாள். "அது விரலைப் பாக்கவே இல்லை, அப்பா. விடையையும் பாக்கலை."

குபாத் குனிந்து பொத்தான்களை உற்றுப் பார்த்தார். மூலையில் ஒன்றில் மட்டும் எழுத்து முழுக்கத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஓதி ஓதித் தேய்ந்த பொத்தான். அதை முழங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விடைகளில் ஒன்றைத் தட்டினார். 'டிங்!' சுயுன் ஓடிவந்து மூக்கால் தட்டினார். 'டிங்!' கால்நடை மருத்துவர் கரண்டியால் தட்டினார். 'டிங்!' மேடைக்கு முண்டியடித்தார்கள். பத்தே நிமிடத்தில் ஊரில் பாதிப் பேர் மருத்துவக் கல்லூரிக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள்.

இந்தத் தள்ளுமுள்ளில் ஒர்மோன்பெக் பின்வாசல் வழியாக லாரியில் ஏறிவிட்டார். லாரி போயிற்று. ஆடு ஒன்றுகூடப் போகவில்லை. தொப்பியும் கணினியும் போகவில்லை. காதில் வெட்டிய அடையாளம் பார்த்து அவரவர் ஆட்டை அவரவர் ஓட்டிப் போனார்கள். விரலை மடக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

குபாத் வீட்டுக்குப் போனதும் மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி மகள் முன்னால் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் வராது. தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தார், வழக்கத்தைவிடப் பாலாடை அதிகமாக. அவள் அதில் உப்புப் போட்டுக்கொண்டபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கணினி? கணக்கு டீச்சர் அதிலிருந்த திருட்டுக் கணக்கை எல்லாம் துடைத்துவிட்டுப் பள்ளியில் வைத்தார். பிள்ளைகள் முறை வைத்துப் பழகினார்கள். இரண்டு நாளில் பயம் போயிற்று. தொட்டுப் பார்த்தால் அது வெறும் பெட்டி.

பெகாயிம் தேறிவிட்டாள். விருந்துக்குக் கறுப்பு மூக்கனை அறுக்கலாம் என்று குபாத் கத்தியைத் தீட்டியபோது அவள் குறுக்கே நின்றாள். "என்கூடப் பாஸ் பண்ணினவன்ப்பா. என்னைவிட மார்க் அதிகம்." வேறு ஆடு அறுத்தார்கள். அன்று எல்லாரும் ஐந்து விரலாலும் வயிறார அள்ளிச் சாப்பிட்டார்கள்.

நடுவில் ஒருத்தி சுயுனின் காதைக் கடித்தாள். "அண்ணே, அடுத்த வருஷம் தேர்வை மறுபடியும் மாத்தப் போறாங்களாம். காதுல கருவி மாட்டிப் பேசிப் பதில் சொல்லணுமாம். பக்கத்து ஊர்ல ஒருத்தர் காதுக்கு ஓதறாராம்..."

சுயுன் மென்றுகொண்டே யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நான் பார்த்தேன். "அவரு தொப்பி போட்டிருக்காரா?" என்று கேட்டார்.

என் கண்ணுகளா, தேர்வை அவர்கள் மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். இன்றைக்கு விரலைக் கேட்பார்கள், நாளைக்குக் காதைக் கேட்பார்கள். எதைக் கேட்டாலும் கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் வேலை வாங்கிப் பாருங்கள். அதற்கு யாரும் ஓத வேண்டாம், ஆடும் கொடுக்க வேண்டாம். தொப்பி மாட்டுவதற்கு மட்டும்தான் அது என்றால், சுவரில் ஓர் ஆணி போதுமே.