முன் சீட்டுப் பந்தயம்

யெல்லே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். குளிர்காலம் வருவதற்குள் இரட்டைச் சைக்கிளைத் தலைமுழுகிவிட வேண்டும். மனைவியை அல்ல, சைக்கிளை மட்டும். அந்த விஷயத்தில் அவன் மிகத் தெளிவாக இருந்தான்.

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனும் ஹிஸ்கேயும் அதில்தான் ஊர் சுற்றுகிறார்கள். மழை, ஆலங்கட்டி, பனி எதற்கும் விடுமுறை கிடையாது. கடலோர மாகாணமான ஃபிரீஸ்லாந்தில் வானத்தைப் பார்த்துக் கிளம்புகிறவன் வீட்டிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். முன்னால் யெல்லே, பின்னால் ஹிஸ்கே. முன்னால் இருப்பவனுக்கு ஹேண்டில்பார், பிரேக், காற்று, மழை. பின்னால் இருப்பவளுக்குப் பை, தின்பண்டம், அபிப்பிராயம்.

இப்போது அவனுக்கு டௌவேயின் சைக்கிள் சங்கத்தின் மேல் ஆசை. ஊர் ஆண்கள் ஆறு பேர். ஆளுக்கொரு தனிச் சைக்கிள், ஒற்றை விரலால் தூக்கிவிடலாம். ஆனால் வீட்டில் இதைப் பேச முடியுமா? "அப்ப ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்றது?" என்று ஒரே கேள்வியில் ஹிஸ்கே ஆளைச் சாய்த்துவிடுவாள். எனவே, இந்த வண்டியே வேண்டாம் என்று அவள் வாயாலேயே வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரேடியோவில் மேற்கிலிருந்து பலத்த காற்று என்றார்கள். யெல்லேக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"ஹிஸ்கே, ஞாயித்துக்கிழமை நீ முன்னால உட்காரேன்."

ஹிஸ்கே பட்டாணி சூப்பைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "ஏன், உடம்புக்கு முடியலையா?"

"எனக்கென்ன? இத்தனை வருஷமா நான் மட்டும் முன்னால இருந்தது நியாயமா? மனசு உறுத்துது."

"மனசா? அது எப்ப வாங்கின?"

"கேலி பண்ணாத. கடலணை மேலயே ஹார்லிங்கன் வரைக்கும் போவோம். துறைமுகத்துக் காபிக் கடையில ஆப்பிள் கேக் சாப்பிடுவோம்."

"முழுக்க எதிர்காத்து."

"லேசாத்தான்."

"லேசாவா? ஆட்டையெல்லாம் உள்ள கட்டச் சொல்றாங்க ரேடியோவுல."

"முடியலைன்னா பாதியில இறங்கிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வண்டியை வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்."

"ஓ." ஹிஸ்கே கரண்டியைக் கீழே வைத்தாள். "இறங்காம போய்ச் சேர்ந்துட்டா?"

"முன் சீட்டு உனக்குத்தான். ஆயுசுக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரி" என்று மறுபடி கிளற ஆரம்பித்தாள். யெல்லேக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. தயார் செய்து வைத்திருந்த வாதங்களில் பாதிக்கு மேல் வீணாகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காற்று சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டது. கடலணையின் புல்மேட்டில் ஏறியதுமே மழை முகத்தில் அடித்தது. யாரும் கட்டாமல் விட்ட ஆடுகள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. அவற்றுக்காவது புத்தி இருந்தது.

யெல்லேயின் திட்டம் எளிமையானது: மூட்டையாக உட்கார்ந்திருப்பது. இரட்டைச் சைக்கிளில் இரண்டு ஜோடி பெடலும் சேர்ந்துதான் சுற்றும். காலை வைத்தால் போதும், கால் தானாகப் போகும். பலம் கொடுப்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. மனசாட்சியை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

பின் சீட்டு இவ்வளவு சுகமானது என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. ஹிஸ்கேயின் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. பைக்குள் கையை விட்டு ஒரு துண்டு சர்க்கரை ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"யெல்லே, மிதிக்கிறியா?"

"உயிரைக் குடுத்து மிதிக்கிறேன்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிக்கிறேன்."

வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. ஹிஸ்கேயின் தோள்கள் ஏறி இறங்கின. இதோ இறங்கப்போகிறாள் என்று யெல்லே மனதுக்குள் வண்டியை விற்றே விட்டான். தனிச் சைக்கிளுக்கு நீல நிறமா, கறுப்பா என்பதுதான் பாக்கி.

அப்போது பின்னால் மணிச் சத்தம். டௌவேயும் அவன் ஆட்களும்.

"ஹிஸ்கே, உங்க பின்னால ஒட்டிக்கலாமா? காத்து ஆளைத் தின்னுது."

"வாங்க, வாங்க" என்றாள் ஹிஸ்கே.

ஆறு பேரும் இரட்டைச் சைக்கிளின் மறைவில் வரிசையாகச் சேர்ந்துகொண்டார்கள். முதல் ஆள் டௌவே. அவன் கண்ணுக்கு நேர் எதிரே யெல்லேயின் கெண்டைக்கால்.

டௌவே அதைக் கொஞ்ச தூரம் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"யெல்லே, காலு வலிக்குதா?"

"இல்லையே."

"இல்ல, பெடல்தான் உன் காலைச் சுத்த வைக்கிற மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்."

சிரிப்பு ஒவ்வொரு சைக்கிளாகப் பின்னால் போய்க் கடைசி ஆள்வரை சேர்ந்தது.

யெல்லே ரொட்டியை விழுங்கினான். பந்தயம் பெரிதா, மானம் பெரிதா? அதுவும் யார் முன்னால்? எந்தச் சங்கத்தில் சேர ஆசைப்பட்டானோ அதே சங்கத்தின் முன்னால். காலை அழுத்தி ஒரு மிதி மிதித்தான். வண்டி துள்ளியது.

"ஆங், இப்பத்தான் ஆம்பளை" என்றான் டௌவே. "காலா அது, எஞ்சினு."

புகழ்ச்சிக்கு மயங்காத கால் உலகத்தில் இல்லை. யெல்லே எழுந்து நின்று மிதித்தான். வேர்த்துக் கொட்டியது. மழை தெரியவில்லை, காற்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பல வருடங்களில் அவன் இவ்வளவு சந்தோஷமாகச் சைக்கிள் ஓட்டியதே இல்லை. துறைமுகத்தில் பாய்மரங்கள் கண்ணில் பட்ட பிறகுதான் பந்தயமே நினைவுக்கு வந்தது. சட்டென்று காலைத் தளர்த்தினான்.

"என்ன யெல்லே, அவ்வளவுதானா?"

மறுபடி மிதித்தான். வேறு என்ன செய்வது?

காபிக் கடையில் எட்டுப் பேரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்தார்கள். ஹிஸ்கேயின் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். தோற்றுப்போயிருந்தாலும் அந்த முகத்தைப் பார்க்க யெல்லேக்குப் பிடித்திருந்தது.

"நல்ல வேளை, நேத்து நீ போன் பண்ணின ஹிஸ்கே" என்றான் டௌவே, கேக்கை வெட்டிக்கொண்டே. "நாங்க இன்னைக்கு வேண்டாம்னுதான் இருந்தோம். கடலணைக்கு வாங்க, மறைப்புக்கு நாங்க இருக்கோம்னு நீ சொன்னதாலதான் கிளம்பினோம்."

யெல்லேயின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "நீயா கூப்பிட்ட?"

"இத்தனை வருஷமா உன் முதுகைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்" என்றாள் ஹிஸ்கே. "அது எப்ப திட்டம் போடுதுன்னு எனக்குத் தெரியாதா?"

டௌவே தொண்டையைச் செருமினான். "பேசாம நம்ம சங்கத்துல சேர்ந்துடுங்க."

யெல்லேக்கு உயிர் வந்தது. "நாளைக்கே ஒரு தனிச் சைக்கிள் வாங்கிடறேன்."

"எதுக்கு? தனி ஆளுக்கு இங்க பஞ்சமில்ல, ஆறு பேர் இருக்கோம். காத்துக்கு மறைப்பா முன்னால போறதுக்குத்தான் ஆள் வேணும்." டௌவே காபிக் கோப்பையை ஹிஸ்கே பக்கம் உயர்த்தினான். "இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் நீதான் தலைமை ஹிஸ்கே."

எல்லோரும் வெளியே வந்தார்கள். மழை விட்டிருந்தது, வீடு வரைக்கும் முதுகைத் தள்ளும் காற்று. யெல்லே பழக்கதோஷத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்து முன் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டான்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

யெல்லே இறங்கிப் பின்னால் போனான்.