பிரிட்ஜ் பாயும் என் நெஞ்சுக்குரலும்

புதுச்சேரியில் சத்தம் போடும் எதையும் பாட்டாகவே கேட்டவர் பிரிட்ஜ் பாய் ஒருவர்தான். மிக்ஸியோ, ஆட்டோவோ, ஆளோ, ஒரு நிமிடம் காது கொடுப்பார். மெல்லிசாக மேலே ஒலித்தால் "தலைக்குரல்", அடியிலிருந்து கனமாக வந்தால் "நெஞ்சுக்குரல்" என்று தீர்ப்பு வந்துவிடும். நெல்லித்தோப்பில் பிரிட்ஜ் மெக்கானிக். இளவயதில் கச்சேரிக் குழுவில் பாடியவர். அவர் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை.

எங்கள் பிரிட்ஜைப் பிரித்துப் போட்டிருந்த அன்று, குளியலறைப் பாட்டைக் கேட்டுவிட்டு என் மனைவியிடம் விசாரித்திருக்கிறார்.

"உள்ள பாடுறது யாரும்மா, பொண்ணா?"

"எங்க வீட்டுக்காரரு பாய்."

ஸ்பேனர் விழுந்த சத்தம் உள்ளே எனக்கே கேட்டது.

துண்டோடு வெளியே வந்தேன். "சார், கம்ப்ரசர் கீழ இருக்குது. நீங்க ஃப்ரீசர்லேர்ந்தே பாடுறீங்க" என்றார்.

சுருக்கென்றது. அடுத்த மாதம் அலுவலக ஆண்டு விழாவில் எனக்கு டூயட். கூடப் பாடும் அக்கவுண்ட்ஸ் விமலா, முதல் ஒத்திகையிலேயே "இதுல ஆம்பள பார்ட் யாரு சார்?" என்று கேட்டிருந்தார். பிரிட்ஜ் கிடக்கட்டும், முதலில் என்னைச் சரி பண்ணுங்கள் என்றேன்.

மறுநாள் காலையே வைத்திக்குப்பம் கடற்கரைக்கு இழுத்துப் போனார்.

"கைய நெஞ்சுல வையுங்க. அந்தப் படகுக்காரரக் கூப்புடுங்க."

"அண்ணா...!"

ஒரு காக்கை திரும்பிப் பார்த்தது.

"தொண்டையப் புடிக்காதீங்க சார். பேசுற குரலையே இழுங்க. கைக்கு அதிர்வு தெரியணும்."

பத்து நாள் காக்கைதான் திரும்பியது. பதினோராம் நாள் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ குறுகுறுத்தது. வலை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இன்னா சார், மீனு வேணுமா?" என்றார். பாய் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. அந்தச் சந்தோஷத்தில் மூன்று கிலோ சங்கரா வாங்கி என் கையில் திணித்தார். வீட்டில் பிரிட்ஜ் இன்னும் பிரித்தபடியே கிடந்தது. தெரு முழுக்க மீன் கொடுத்தோம்.

அதன்பின் எனக்குத் தலைகால் புரியவில்லை. உச்ச ஸ்தாயியையும் நெஞ்சாலேயே முட்டினேன்; குரல் பிளந்தது.

"நெஞ்சத் தூக்கினு மாடி ஏறாதீங்க சார். மேல போறப்ப மெதுவா தலைக்கு விட்டுடுங்க."

விழாவன்று முதல் வரி நெஞ்சிலிருந்து வந்தது. விமலா தன் வரியை மறந்து என்னையே பார்த்தார். உச்சத்தில் மெல்ல விட்டேன்; பிசிறில்லாமல் ஏறியது. ஹாலே கைதட்டியது, கடைசி வரிசையில் பாயைத் தவிர. அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேர்வை சார்" என்றார், நான் கிட்டே போனதும்.

அது ஏசி ஹால். முந்தின நாள்தான் அவரே வந்து சர்வீஸ் செய்திருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.