பி.டி.எஃப். மாமாவும் ஒரு பொது வார்த்தையும்

விஷ்ராந்த்வாடியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி லிஃப்டில் ஏறி, பி.டி.எஃப். மாமாவிடம் அகப்படாமல் இறங்கியவர் யாருமில்லை. மேலே பல்லி விழுந்தால் மற்றவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பார்கள். இவர் எந்த சர்வதேச அமைப்பு அதைப் பற்றி அறிக்கை போட்டிருக்கிறது என்று பார்ப்பார். பிரிண்ட் எடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் பூசிக் கையில் திணிப்பார். கொசுவைப் பற்றி நாற்பது பக்கம் வாங்கிக்கொண்ட, பால் போடும் தூத்வாலா அதன்பிறகு மாடிப்படியில்தான் வருகிறார்.

நான் அவரைப் பார்த்து அலட்சியமாகச் சிரிப்பேன். அப்படி ஒரு சர்வதேச அமைப்பின் தளத்தில் ஆவணங்களை ஏற்றுவதுதான் என் உத்தியோகம். உலக அறிவுக்கே வாசல்கதவு நான்தான் என்ற நினைப்பு.

போன மழைக்காலத்தில் எங்கள் விங்கில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். என் மகளும் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார் மாமா. சொசைட்டி செக்ரட்டரி "காகஜ் திகாயியே, அங்கிள்" என்று, ஆதாரக் காகிதத்தைக் காட்டச் சொல்லி முடித்துவிட்டார்.

காகிதம் தேடி மாமா என் வீட்டுக்கு வந்தார். "தொட்டி சுத்தம் பண்றதுக்கு உங்க ஆபீஸ்ல வழிகாட்டி போட்டிருக்கா. தலைப்பு தெரியறது, தொறக்க மாட்டேங்கறது. மூணு மெயில் போட்டேன், தளத்துல எல்லாருக்கும் கிடைக்கறதுன்னே பதில் வரது."

அந்த மூன்று பதிலையும் போட்டவன் நான்தான். மாமாவின் நிஜப் பெயர் தெரியாததால் யாரோ என்று நினைத்திருந்தேன். அவருக்குக் கிளிக் பண்ணத் தெரியவில்லை என்று சொல்லி அவர் போனை வாங்கினேன். எனக்கும் திறக்கவில்லை.

லேப்டாப்பில் உள்ளே போய்ப் பார்த்தேன். யார் படிக்கலாம் என்ற கட்டத்தில் 'பப்ளிக்', 'ஜெனரல்' என்று இரண்டு இருக்கும். தமிழில் இரண்டும் பொதுதானே என்று மூன்று வருஷமாக எல்லாவற்றுக்கும் 'ஜெனரல்' போட்டு வந்தேன். கேட்கக் கம்பீரமாக இருந்தது. 'அலுவலக ஊழியர்களுக்கு மட்டும்' என்று அதற்குக் கீழே பொடி எழுத்தில் விளக்கம் இருந்ததை அன்றுதான் படித்தேன்.

மாமா எட்டிப் பார்த்தார். "ஜெனரல்ங்கறது ஜனங்களுக்கு இல்லையா?"

மேலாளரிடம் ஒப்புக்கொண்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, எல்லாப் பூட்டையும் திறந்தேன். மறுநாளே மஞ்சள் பூசிய பக்கம் செக்ரட்டரி கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு செத்த புறா.

அன்று நடந்த சொசைட்டி கூட்டத்தில், இத்தனை நாள் இந்தக் காகிதம் எங்கே இருந்தது என்று செக்ரட்டரி கேட்டார்.

"படா ஃபைல் தா," என்றார் மாமா நிதானமாக. பெரிய ஃபைலாம், டவுன்லோட் ஆக நேரமாகிவிட்டதாம்.

ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசாத மனிதர் எனக்காகப் பொய் சொன்னார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வெட்கமாக இருந்ததால், கூட்டம் முடிந்ததும் அத்தனை நாற்காலியையும் நானே மடித்து வைத்தேன்.