ஹாப்ஸ் பந்தலில் ஆடிய தாழ்ப்பாள்

டக்... டக்... டக்.

இருட்டினால் ஆரம்பித்துவிடும். யாரோ விரல் மடக்கித் தட்டுவது போல. நான் குழந்தையை அணைத்துக்கொண்டு, மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்த ஜெபங்களையெல்லாம் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். தட்டுவது யார் என்று தெரியும். எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாள்தான். பின்தோட்டத்தில், காற்றில் ஆடிக் கம்பத்தில் மோதிக்கொண்டிருந்தது. தெரிந்துவிட்டால் பயம் போய்விடுமா? தாழ்ப்பாள் அங்கே ஆடினால், கதவு இங்கே சும்மாதானே சாத்தியிருக்கிறது!

எல்லாம் என் கணவர் ராதிமின் சிக்கனம். அவர் திராட்சை விளையும் மொராவியாக்காரர். எங்கள் ஜாடெட்ஸில் பெண் எடுத்தவர், "ஹாப்ஸ் ஊரு மாப்பிள்ளை பீரைக் காசு குடுத்து வாங்கறதா? கேவலம்!" என்று தானே காய்ச்ச, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவுக்காக ஹாப்ஸ் கொடி நட்டார். பந்தலுக்குச் செல்லாக்காசுகூடச் செலவழிப்பதில்லை என்று சபதம். உடைந்த ஏணி கம்பமாயிற்று. நான் துணி உலர்த்தும் கயிறு கொடி ஏறும் கயிறாயிற்று. கயிறு விறைப்பாக நிற்க நுனியில் ஒரு கனம் வேண்டுமே! தாழ்ப்பாளைக் கழற்றிக் கட்டிவிட்டார்.

"ஏங்க, அப்ப கதவுக்கு?"

"நாற்காலியை முட்டுக் குடு. இந்த ஊர்ல எவன் திருட வரப்போறான்? எல்லாரும் குடிச்சிட்டுத் தூங்குவாங்க."

நேற்றுக் காலை தோட்டத்திலிருந்து அலறல்.

"போதனா! எவனோ ராத்திரி வந்து கொடியையெல்லாம் அவுத்துப் போட்டிருக்கான்!"

எட்டிப் பார்த்தேன். முதல் நாள் அவர் சுற்றிவிட்ட கொடிகள் அத்தனையும் நழுவித் தரையில் கிடந்தன. ஹாப்ஸ் கொடி கடிகார முள் போகிற பக்கமாகத்தான் ஏறும். எதிர்ப்பக்கம் சுற்றினால் தானே பிரிந்துகொள்ளும். ஜாடெட்ஸில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். மொராவியாக்காரர் எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தார்.

பொய் சொல்லாதே என்றுதான் கன்னியாஸ்திரிகள் சொன்னார்கள். கேட்காததைச் சொல் என்று சொல்லவில்லை.

"பக்கத்து வீட்டு ஹெர்மினா வேலையா இருக்குமோ? என் பந்தலைப் பாத்துச் சிரிச்சா."

"தெருவே சிரிச்சுதுங்க. அவங்களை மட்டும் சொல்றீங்களே!"

"சரி, எவனா இருந்தாலும் உள்ள எப்படி வந்தான்?"

"நம்ம தோட்டத்துக்கு வேற வழி ஏது? வாசல் கதவைத் திறந்து, வீட்டுக்குள்ள நடந்துதான் வரணும்."

"கதவு...?"

"நாற்காலி முட்டுக் குடுத்திருக்குங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பெண்டாட்டியும் பிள்ளையும் தூங்கும் வீடு என்றபோது அசையாத மனிதர், ஹாப்ஸ் கொடி என்றதும் திருப்புளியைத் தேடி ஓடினார்.

சாயங்காலத்துக்குள் தாழ்ப்பாள் கதவுக்கு வந்துவிட்டது. பந்தல் கயிற்றில் அதற்குப் பதிலாக, யாரையும் தொடவிடாத அவருடைய பீர்க் குவளை, வயிறு நிறையக் கல்லோடு தொங்கியது. அவர் திருகாணியோடு மல்லுக்கட்டிய நேரத்தில் நான் தோட்டத்துக்குப் போய், கொடிகளைச் சரியான பக்கம் சுற்றிவிட்டு வந்தேன்.

"இனிமே ஒரு கொடி கீழ விழுதான்னு பாரு!"

"விழாதுங்க" என்றேன். சத்தியமான வார்த்தை.

இருட்டியதும் நாற்காலியை நகர்த்தி வைத்தேன். ராதிம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, தன் கொடிகளைக் காக்க, தன் கையாலேயே தாழ்ப்பாளைத் தள்ளினார்.

டக்.